இலங்கைக் கடன்: யார் முதலில் விட்டுக்கொடுப்பது?

2022 ஏப்ரல் 12 அன்று, சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்திவைப்பதாக இலங்கை நிதியமைச்சு அறிவித்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்த நாடு கடன் கட்டத் தவறியது அதுவே முதல் முறை. அதற்குப் பிறகு நடந்த பேச்சுவார்த்தைகள் 2024 டிசம்பர் வரை இழுத்தன. இரண்டரை வருடத்துக்கும் மேல். இதற்குள் ஒரு ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடினார், இன்னொருவர் பாராளுமன்ற வாக்கெடுப்பில் வந்து மக்கள் வாக்கெடுப்பில் தோற்றார், மூன்றாமவர் பதவியேற்றார்.

பழைய உலக ஒழுங்கு போய்க்கொண்டிருக்கிறது, புதியது இன்னும் வந்து சேரவில்லை என்று பொதுவாக எல்லாரும் சொல்கிறோம். அந்த இடைவெளியில் மாட்டிக்கொள்ளும் ஒரு சின்ன நாட்டின் அடுப்படி வரை என்ன ஆகும் என்பதை இந்த ஒரு நிகழ்வில் தேதிவாரியாகப் பார்க்க முடிகிறது, அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்பு அதிகாரிகள் ராஜதந்திர ரீதியில் நன்றாகவே ஆடினார்கள், பல இடங்களில் மிக நன்றாக. ஆனால் பெரிய கடன்காரர்கள், அதாவது கடன் கொடுத்தவர்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு காத்திருந்த காலத்துக்கான விலையை, எந்தப் பேச்சுவார்த்தையிலும் இடம் கிடைக்காதவர்கள் கட்டினார்கள்.

எப்படி வந்து சேர்ந்தது

இதைப் பற்றி நிறைய எழுதியாயிற்று, சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்புகள், சுற்றுலா படுத்தது. அந்த வருடக் கடைசியில் கோட்டாபய ராஜபக்ச அரசு பெறுமதி சேர் வரியை (வாட்) 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது. 2021 வாக்கில் அரசு வருவாய் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 9 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது, ஓர் அரசாங்கத்தை நடத்த இது போதவே போதாது. நடுவில் கொரோனா. 2020-ல் கடன் தரமதிப்பீடு சரிந்து சர்வதேசச் சந்தையில் புதுக்கடன் வாங்கும் வழி அடைபட்டது. 2021-ல் இரசாயன உரத்துக்குத் திடீர்த் தடை, விளைச்சல் விழுந்தது.

இதில் எனக்கு இன்றும் ஆறாத ஒன்று உண்டு. 2022 ஜனவரி 18 அன்று, டாலர் கையிருப்பு வேகமாகக் கரைந்துகொண்டிருந்தபோது, முதிர்ந்த ஒரு சர்வதேசக் கடன் பத்திரத்துக்கு 50 கோடி டாலரை இலங்கை முழுதாகக் கட்டியது. வேண்டாம், இப்போதே மறுசீரமைப்புப் பேச்சைத் தொடங்குங்கள் என்று பொருளாதார அறிஞர்கள் சொன்னார்கள், எதிர்க்கட்சியில் இருந்தும் சொன்னார்கள். கேட்கவில்லை. சில வாரங்களில் மருத்துவமனைகளில் மருந்து தீர்ந்தது, எரிவாயு சிலிண்டருக்கு விடிய விடிய வரிசை நின்றது. மார்ச் மாதத்திலேயே மன்னார்ப் பக்கமிருந்து குடும்பங்கள் படகேறி ராமேஸ்வரம் வந்து இறங்கத் தொடங்கின.

உட்கார்ந்து பேச ஒரு பொது இடம் இல்லை

ஒரு நாடு கடன் கட்ட முடியாமல் போனால் என்ன செய்வது என்பதற்கு உலகத்தில் சட்டம் கிடையாது. கம்பெனி நொடித்தால் நீதிமன்றம் உண்டு, நாடு நொடித்தால் இல்லை. வழக்கம் மட்டும் இருந்தது. 1956-ல் அர்ஜென்டினாவின் கடனைப் பேசக் கூடிய அரசுகள் அப்படியே ஒரு குழுவாகத் தொடர்ந்தன, அதுதான் பாரிஸ் கிளப். கடன் கொடுத்த பணக்கார நாடுகள் அங்கே ஒன்றாக உட்கார்ந்து ஒரே முடிவுக்கு வரும், சர்வதேச நாணய நிதியம் கணக்குப் போட்டுக் கொடுக்கும், மற்றவர்கள் அதே அளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். கடன் கொடுப்பவர்கள் பெரும்பாலும் மேற்கு நாடுகளும் ஜப்பானுமாக இருந்தவரை இது ஒரு மாதிரி ஓடியது.

2022-ல் இலங்கையின் நிலைமை வேறு. அரசுகளுக்குள் மிகப் பெரிய கடன்காரர் சீனா, அது பாரிஸ் கிளப்பில் இல்லை. இந்தியாவும் முக்கியமான கடன்காரர், அதுவும் கிளப்பில் இல்லை. ஜப்பானும் பெரிய கடன்காரர், அது மட்டும் கிளப்பில் இருக்கிறது. ஏழை நாடுகளுக்காக ஜி20 நாடுகள் 2020-ல் உருவாக்கிய பொதுச் சட்டகம் ஒன்று உண்டு, அதில் சீனாவும் இந்தியாவும் சேர்ந்தே உட்காரும். ஆனால் இலங்கை நடுத்தர வருமான நாடு என்று கணக்கில் இருந்ததால் அந்தக் கதவும் மூடியிருந்தது. கதவு திறந்திருந்தாலும் பெரிய வேகம் கிடைத்திருக்காது என்பதற்கு ஸாம்பியா சாட்சி, 2020 நவம்பரில் தவணை தவறிய அந்த நாட்டுக்கு அரசுக் கடன்காரர்களுடன் உடன்பாடு வர 2023 ஜூன் ஆயிற்று.

இங்கே "சீனக் கடன் பொறி", அதாவது சீனா கடன் கொடுத்தே நாடுகளை மடக்குகிறது என்ற பேச்சை ஒரு நிமிடம் ஒதுக்கிவைத்து எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கிக்குத் தர வேண்டியது சுமார் 420 கோடி டாலர், சீன வளர்ச்சி வங்கிக்குச் சுமார் 330 கோடி. இரண்டும் சேர்ந்து 750 கோடி. நியூயார்க், லண்டன் சந்தைகளில் நிதி நிறுவனங்கள் வாங்கி வைத்திருந்த சர்வதேசப் பத்திரங்களோ 1,255 கோடி டாலர், வட்டியும் அதிகம், தவணையும் குறுகியது. நாட்டை முட்டுச்சந்தில் நிறுத்தியதில் பெரிய பங்கு இந்தப் பத்திரங்களுக்கு. ஹம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017-ல் ஒரு சீன நிறுவனத்துக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டதைப் பற்றிக் கோபப்பட நியாயம் இருக்கிறது, நானும் படுகிறேன், ஆனால் 2022-ன் திவாலை அதை வைத்து மட்டும் விளக்க முடியாது. சீனாவைத் திட்டுவதில் வேகம் காட்டியவர்கள் பத்திரக்காரர்களைப் பற்றி அவ்வளவாக வாய் திறக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடிதங்களுக்காகக் காத்த ஆறரை மாதம்

2022 செப்டம்பர் 1 அன்று நாணய நிதியத்தின் அதிகாரிகள் மட்ட உடன்பாடு வந்தது: நான்கு வருடத்தில் சுமார் 290 கோடி டாலர். தொகை பெரிதல்ல, ஆனால் அது வந்தால்தான் உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் கையைத் திறக்கும். நிதியத்தின் நிர்வாகக் குழு ஒப்புதல் தர ஒரு நிபந்தனை: கடனைத் தாங்கக்கூடிய அளவுக்கு நாங்கள் தளர்த்துவோம் என்று அரசுக் கடன்காரர்கள் எழுத்தில் உறுதி தர வேண்டும். முன்பெல்லாம் இந்த இடைவெளி இரண்டு மூன்று மாதத்தில் முடிந்துவிடும். இலங்கைக்கு 2023 மார்ச் 20 வரை ஆயிற்று.

ஏன் என்றால், யாரும் முதலில் எழுதத் தயாராக இல்லை. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்களே, கடன் கொடுக்கும்போது போட்டி போட்டவர்கள் நஷ்டம் ஏற்கும்போது மற்றவன் போகட்டும் என்று நின்றார்கள். நான் தள்ளிவைக்கும் தவணைப் பணம் இன்னொருவனுக்குக் கட்டப் போய்விடக் கூடாது என்பதுதான் ஒவ்வொரு தலைநகரிலும் கவலை. தில்லிக்கும் டோக்கியோவுக்கும் பெய்ஜிங் மேல் அந்தச் சந்தேகம். பெய்ஜிங்குக்கு வேறு கவலை: உலகம் முழுக்க கடன் கொடுத்திருக்கிறோம், இலங்கைக்கு ஒரு சலுகை தந்தால் நாளை எல்லாரும் அதையே கேட்பார்கள். உலக வங்கி போன்ற பலதரப்பு அமைப்புகளும் நஷ்டத்தில் பங்கு எடுக்கட்டும் என்றும் சீனா அந்தச் சமயத்தில் வாதாடிக்கொண்டிருந்தது. அந்த வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன், ஆனால் அதைத் தீர்க்க வேண்டிய இடம் எரிபொருள் இல்லாத ஒரு நாட்டின் தலை இல்லை.

முடிச்சை அவிழ்த்தது இந்தியா. 2023 ஜனவரி 16 அன்று தன் உறுதிக் கடிதத்தை நிதியத்துக்கு அனுப்பியது, சில நாளில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்புக்கே போய், மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று முடிவெடுத்ததாகச் சொன்னார். இதைத் தர்மமாகவும் பார்க்கலாம், கணக்காகவும் பார்க்கலாம், இரண்டும் இருந்தன. 2022-ல் மட்டும் கடன் வசதி, நாணயப் பரிமாற்றம், தவணை ஒத்திவைப்பு என்று சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு இந்தியா கைகொடுத்திருந்தது. தமிழ்நாடு அரசு தனியாக 40,000 டன் அரிசியும் பால்மாவும் மருந்தும் என்று அறிவித்து முதல் கப்பலை அந்த மே மாதம் சென்னையிலிருந்து அனுப்பியது. அதே வருட ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீன ஆய்வுக் கப்பல் தில்லியின் ஆட்சேபத்தை மீறி ஹம்பாந்தோட்டையில் வந்து நின்றது. முதல் கடிதத்தை யார் கொடுத்தார் என்பது கொழும்பில் நினைவில் இருக்கும் என்று தில்லி எண்ணியிருந்தால் அது சரியான எண்ணம்தான். அப்புறம், 2023-ல் ஜி20 தலைமை இந்தியாவிடம், கடன் பிரச்சினையை முன்னால் வைக்க நினைத்த நாடு பக்கத்து வீட்டில் தயங்கி நிற்க முடியாது.

இந்தியா எழுதியதும் மற்றவர்கள் மேல் வெளிச்சம் விழுந்தது. சில நாளில் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் (இனி சீன வங்கி) கடிதம் வந்தது, 2022, 2023 தவணைகளை இரண்டு வருடம் தள்ளிவைக்கிறோம் என்று மட்டும் சொன்னது. நிதியத்துக்கு இது போதவில்லை. பிப்ரவரி 1 அன்று கொழும்பு வந்த அமெரிக்க அதிகாரி விக்டோரியா நூலண்ட், சீனா தந்தது போதாது என்று பகிரங்கமாகச் சொன்னார், பெய்ஜிங் பதிலுக்குச் சீறியது. இந்தப் பகிரங்கப் பேச்சு இலங்கைக்கு ஒரு காசுக்குப் பயன்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. மார்ச் 6 இரவு சீன வங்கியிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது, அன்றிரவே ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவும் மத்திய வங்கி ஆளுநர் நந்தலால் வீரசிங்கவும் நிதியத்துக்கான விருப்பக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள், இரண்டு வாரத்தில் ஒப்புதல்.

அந்த ஆறரை மாதத்தில் உள்ளே என்ன நடந்தது? செப்டம்பரில் கொழும்பு விலைக் குறியீட்டின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது, உணவுப் பொருளுக்கு மட்டும் பார்த்தால் 95-ஐ ஒட்டி. ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதம் கூடிய மின்கட்டணம், நிதியத்தின் நிபந்தனையை நிறைவேற்ற பிப்ரவரியில் மேலும் 66 சதவீதம் கூடியது. உலக வங்கிக் கணக்கில் 2021-ல் 13 சதவீதமாக இருந்த வறுமை 2022-ல் 25 சதவீதம். மலையகத் தோட்டங்களில் நாள் கூலிக்குக் கொழுந்து பறிக்கும் குடும்பங்களில் இது எப்படி இறங்கியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மார்ச் 9-க்கு வைத்திருந்த உள்ளூராட்சித் தேர்தலைப் பணம் இல்லை என்று தள்ளிவைத்தார்கள், அது கடைசியில் நடந்தது 2025 மே மாதம்.

இந்த எல்லாத் துன்பத்தையும் தாமதத்தின் கணக்கில் எழுத முடியாது, பெரும்பகுதி முந்தைய ஆட்சியின் தவறுகளிலிருந்து வந்தது. ஆனாலும், ஒத்துழைக்காத ஓர் அரசுக் கடன்காரர் இருந்தாலும் கடன் தரலாம் என்று 2015-லேயே நிதியம் தன் விதியை மாற்றி வைத்திருந்தது. அந்த வழியில் போயிருந்தால் சீனாவை நேரடியாக முறைத்ததாகியிருக்கும், அதனால் தயங்கினார்கள். தயக்கம் புரிகிறது, ஆனால் அதன் செலவு வாஷிங்டனில் விழவில்லை. 2024 ஏப்ரலில் நிதியம் இந்த விதிகளை இன்னும் கொஞ்சம் தளர்த்தியது. ஸாம்பியாவும் இலங்கையும் காத்துக் காத்துக் களைத்த பிறகு.

ஐந்து நாள் விடுமுறையில் முடிந்த பேரம்

வெளிநாட்டுக் கடன்காரர்கள் எல்லாரும், உள்நாட்டுக் கடனிலும் ஏதாவது குறையுங்கள் என்றார்கள். 2023 ஜூன் 29 முதல் ஐந்து நாள் தொடர்ச்சியாக வங்கிகளுக்கு விடுமுறை வந்தது, அதற்குள் திட்டம் அறிவிக்கப்பட்டு ஜூலை 1, சனிக்கிழமை, பாராளுமன்றத்தில் நிறைவேறியது. வங்கிகளுக்கு விலக்கு, அவை ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கின்றன, இன்னும் இழுத்தால் விழுந்துவிடும் என்பது காரணம். மத்திய வங்கியின் கையில் இருந்த பத்திரங்களை மாற்றியதுபோக, சுமை விழுந்தது ஊழியர் சேமலாப நிதியத்தின் மேல், அதாவது ஆடைத் தொழிற்சாலைப் பெண்களும் தோட்டத் தொழிலாளரும் கடைச் சிப்பந்தியும் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த ஓய்வுகாலப் பணத்தின் மேல்.

முறை இப்படி: சேமலாப நிதியம் கையில் வைத்திருக்கும் அரசின் திறைசேரிப் பத்திரங்களை நீண்ட காலப் புதுப் பத்திரங்களாக மாற்றிக்கொள்ள வேண்டும், முதலில் 12 சதவீத வட்டி, பின்பு 9. மாற்றாவிட்டால் வரி 14 சதவீதத்திலிருந்து 30 ஆகும். இதைத் தன்னார்வப் பரிமாற்றம் என்று அழைத்தார்கள், எனக்கு அந்தச் சொல்லை ஏற்க மனம் வரவில்லை. உறுப்பினர் கணக்கில் குறைந்தது 9 சதவீதம் சேரும் என்று அரசு உறுதி தந்தது உண்மை. ஆனால் பணவீக்கம் 70 வரை போய்வந்த பிறகு அந்தச் சேமிப்பின் வாங்கும் சக்தி ஏற்கெனவே பாதியாகிவிட்டது, இனி வட்டி உயர்ந்தாலும் அதன் பலன் அவர்களுக்கு இல்லை.

காலத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். சீன வங்கி கொள்கையளவில் ஒப்புக்கொள்ள 18 மாதம் கெஞ்சல். பத்திரக்காரர்களுக்கு 32 மாதம், லண்டன், பாரிஸ் என்று சந்திப்புகள், ஆலோசகர்கள். தொழிலாளர் சேமிப்புக்கு ஒரு நீண்ட வார இறுதி.

இரண்டு தலைநகரம், ஒரே நாள்

இனி கொழும்பின் திறமைக்கு வருகிறேன். 2023 ஏப்ரல் 13 அன்று வாஷிங்டனில் ஜப்பான், இந்தியா, பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து இலங்கைக்கென்று ஒரு கடன்காரர் குழுவை அறிவித்தன. பாரிஸ் கிளப் உறுப்பினர்களோடு இந்தியா சமமாக, அதுவும் இணைத் தலைமையில் உட்கார்ந்தது, இது சாதாரண மாற்றம் இல்லை. மொத்தம் 17 நாடுகள் சேர்ந்தன. சீனா சேரவில்லை.

அப்போது இலங்கைக்கு இருந்த சோதனை: சீனாவோடு தனியாகப் பேசினால் குழு சந்தேகப்படும், சீனாவைக் குழுவுக்குள் இழுக்கப் பார்த்தால் பெய்ஜிங் முறுக்கிக்கொள்ளும். நிதியமைச்சுச் செயலாளர் மஹிந்த சிறிவர்தனவின் குழு, லசார்ட் நிறுவனத்தின் ஆலோசனையோடு, இரண்டு பாதையிலும் ஒரே சமயத்தில் நடந்தது. யாருக்கும் மற்றவரைவிட நல்ல நிபந்தனை கிடையாது என்பதைத் திரும்பத் திரும்ப இரு பக்கமும் சொல்லி, கணக்கைக் காட்டி நம்பவைக்க வேண்டியிருந்தது. 2023 அக்டோபரில் சீன வங்கி முந்திக்கொண்டு 420 கோடி டாலருக்குக் கொள்கையளவில் ஒப்புக்கொண்டது. குழுவுக்கு அதில் எரிச்சல், விவரம் தெரியாமல் நாங்கள் எப்படி ஒப்பிடுவது என்று. நவம்பர் கடைசியில் குழுவும் வந்தது. பிறகு 2024 ஜூன் 26: குழுவோடு 580 கோடி டாலருக்குப் பாரிஸில் கையெழுத்து, அதே நாளில் சீன வங்கியோடு பெய்ஜிங்கில். யார் முதல், யார் இரண்டாவது என்ற கேள்வியே எழாதபடி ஒரே நாள். அந்தத் தேதியை அமைத்தவர்களை நான் மனதார மதிக்கிறேன். தவணைகள் 2028 வரை தள்ளிப்போயின, கடைசித் தவணை 2043-ல்.

இடையில் இன்னொன்றும் செய்தார்கள். 2024 ஜனவரி முதல் ஒரு வருடத்துக்கு எந்த நாட்டு ஆய்வுக் கப்பலுக்கும் அனுமதி இல்லை என்றார்கள். சீனாவின் பெயரைச் சொல்லவில்லை, இந்தியாவுக்கு வேண்டியது கிடைத்தது. சின்ன நாடுகள் இப்படித்தான் பிழைக்க வேண்டியிருக்கிறது.

சீன வளர்ச்சி வங்கியை அரசுக் கடன்காரராக எண்ணாமல் வணிகக் கடன்காரராக வகைப்படுத்தியதும் இந்த ஆட்டத்தில் ஒரு நகர்வு. சீன அரசுக்குச் சொந்தமான வங்கிதான், ஆனால் பெய்ஜிங் அப்படி விரும்பியது, வண்டி நகரட்டும் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். முன்மாதிரியாக இது நல்லதில்லை என்பது என் கருத்து, நாளை வேறு நாடுகளிலும் இதையே கேட்பார்கள்.

பத்திரக்காரர்கள்

இவர்களுக்கு அவசரம் இல்லை. ஹாமில்டன் ரிசர்வ் வங்கி என்ற ஒன்று, 2022 ஜூலையில் முதிரும் பத்திரத்தில் 25 கோடி டாலருக்கு மேல் வைத்துக்கொண்டு, 2022 ஜூனிலேயே நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனது. மற்ற பெரிய நிறுவனங்கள் ஒரு குழுவாகப் பேசின. 2024 ஏப்ரலில் பேச்சு முறிந்தது, ஜூலையில் ஒட்டியது, செப்டம்பர் 19 அன்று, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால், உடன்பாடு அறிவிக்கப்பட்டது. தேர்தலில் ரணில் தோற்றார். கடன் கணக்கை மறுபடி போடுவோம் என்று பிரசாரத்தில் சொன்ன அநுர குமார திசாநாயக்க வென்றார், ஆனால் உடன்பாட்டைத் தொடவில்லை. தொட்டிருந்தால் இன்னும் ஒரு வருடம் போயிருக்கும் என்பது உண்மை. வாக்களித்தவர்களுக்கு அதில் சொல்லவே வாய்ப்பு இல்லாமல் போனதும் உண்மை. டிசம்பரில் பரிமாற்றம் முடிந்தபோது பத்திரங்களில் சுமார் 98 சதவீதம் பங்கெடுத்தன.

அசலில் அடிப்படைக் குறைப்பு 27 சதவீதம். ஆனால் புதுப் பத்திரங்களின் முக்கியமான பகுதி பொருளாதாரத்தோடு கட்டப்பட்டது: 2025 முதல் 2027 வரை டாலர் கணக்கில் நாட்டின் மொத்த உற்பத்தி எதிர்பார்த்ததைவிட உயர்ந்தால் இலங்கை கூடுதலாகக் கட்ட வேண்டும், விழுந்தால் குறையும். கேட்க நியாயமாக இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், ரூபாய் வலுத்தாலே டாலர் கணக்கில் உற்பத்தி உயர்ந்துவிடும், ஒருவர் வீட்டிலும் ஒரு வேளைச் சோறு கூடாமலே. 2022-ல் தரையைத் தொட்ட நாடு கொஞ்சம் எழுந்து நின்றால் அதற்கும் பங்கு கேட்கும் ஏற்பாடு இது. இந்தப் பத்திரங்கள் பலமுறை கைமாறியவை, விழுந்த விலைக்கு வாங்கியவர்களும் அதில் உண்டு, அவர்களுக்கு 27 சதவீதக் குறைப்பு நஷ்டமே இல்லை.

இப்போது

பணவீக்கம் அடங்கிவிட்டது, கையிருப்பு ஏறியிருக்கிறது, ஜப்பான் 2025 மார்ச்சில் சுமார் 250 கோடி டாலருக்குத் தன் தனி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. நிதியத்தின் கணக்குப்படி 2032-க்குள் அரசுக் கடன் உற்பத்தியில் 95 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும், அதற்கு ஒவ்வொரு வருடமும் வட்டி நீங்கலாக உற்பத்தியில் 2.3 சதவீதம் மிச்சம் பிடிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டியதைக் குறைத்துத்தான் இதைப் பிடிக்க முடிகிறது.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், மலையகத்தில் சரிவுகள் தோட்டத் தொழிலாளரின் லயன் எனும் வரிசை வீடுகளோடு இறங்கின. டிசம்பரில் நாணய நிதியம் அவசர நிதியாகச் சுமார் 20 கோடி டாலர் தந்தது. அதுவும் கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டியது. 2028-ல் மீண்டும் தொடங்கும் தவணைகளின் கணக்கு இந்தப் புயலுக்கு முன்பே போடப்பட்டது. அதை மாற்றக் கேட்பதென்றால் கொழும்பு மறுபடி 17 நாட்டுக் குழு, பெய்ஜிங், பத்திரக்காரர்கள் என்று தனித்தனியாகப் போய் நிற்க வேண்டும், ஏனென்றால் மூவரும் ஒன்றாக உட்காரும் இடம் இன்னும் இல்லை.